பையன் குடித்துவிட்டு வந்தால் நாம் செய்யும் தவறுகள்

எங்கள் தோப்பிலிருந்து பைக்கை எடுத்தால் கால் மணி நேரத்தில் கேரளா. கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம், எந்தச் செக்போஸ்ட்டைத் தாண்டினாலும் கொஞ்ச தூரத்தில் ஒரு கள்ளுக்கடை வந்துவிடும். மலையாளம் ஓர் எழுத்துகூடத் தெரியாத எங்கள் பையன்களுக்கு அந்தப் போர்டில் இருக்கும் ஒரு சொல்லை மட்டும் நன்றாகப் படிக்கத் தெரியும். இந்தப் பக்கம் 1987 முதல் கள்ளுக்குத் தடை, ஆனால் டாஸ்மாக் உண்டு. குடிக்கிற வயது இங்கே 21, அங்கே 23 (அங்கேயும் 21ஆக இருந்ததை 2017 கடைசியில் ஏற்றினார்கள்). பதினேழு வயதுப் பையனுக்கு இரண்டு பக்கமும் கிடையாது, ஆனால் இரண்டு பக்கமும் கிடைக்கிறது. யாராவது ஓர் அண்ணன் வாங்கிக் கொடுத்துவிடுவான், இல்லையென்றால் சந்துக்கடை இருக்கவே இருக்கிறது.

இதை எழுத வைத்தவன் என் அக்கா பையன். பிளஸ் டூ கடைசிப் பரீட்சை முடிந்த அன்று சாயங்காலம் நாலைந்து பேராகப் போய்க் கள் குடித்துவிட்டு, போதாதென்று வரும் வழியில் பிராந்தியும் வாங்கியிருக்கிறார்கள். இவன் மட்டும் சரிந்துவிட்டான். கூட இருந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வீட்டுக்குக் கொண்டுவரப் பயந்து, ஒரு தோப்பில் மோட்டார் ரூமில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்கள். தலையில் எலுமிச்சம்பழம் தேய்த்து, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, வாயில் மோரை ஊற்றி, மூன்று மணி நேரம். ஒன்பது மணிக்கு ஒரு பையன் மட்டும் மனசு கேட்காமல் எனக்குப் போன் பண்ணினான். நான் போனபோது அவன் மல்லாக்கப் படுத்திருந்தான், வாயோரம் வாந்தி, உடம்பெல்லாம் சில்லிட்டுக் கிடந்தது. தூக்கி வண்டியில் போடும்போது அரைக் கண்ணைத் திறந்து அவன் சொன்னது இவ்வளவுதான்: "மாமா, அப்பாகிட்ட சொல்லீறாதீங்க."

அந்த மூன்று மணி நேரத்துக்குக் காரணம் சரக்கு மட்டுமில்லை, என் மச்சான் மேல் இருந்த பயம்.

சரி, முதல் தவறு அதுதான், "தூங்கி எந்திரிச்சாச் சரியாயிடும்" என்று விடுவது. குடித்த சரக்கு முழுவதும் ரத்தத்தில் கலக்க நேரம் எடுக்கும், அதனால் படுத்த பிறகும் போதை ஏறிக்கொண்டே போகலாம். ஈரல் ஒரு மணி நேரத்துக்கு ஏழெட்டு கிராம் ஆல்கஹாலைத்தான் கரைக்கும். ஒரு குவார்ட்டரில் அறுபது கிராம் இருக்கிறது, நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மோர், எலுமிச்சை, காபி, பச்சைத் தண்ணீர்க் குளியல் எதுவும் ஈரலை அவசரப்படுத்தாது. மயங்கிக் கிடப்பவன் வாயில் மோர் ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும். விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பதும் அதே ஆபத்துதான். எழுப்பினால் எழுந்திருக்கிறானா, கேட்டால் பதில் சொல்கிறானா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, தனியாக விடாமல், 108க்குச் சொல்லுங்கள். மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்குக் கீழே போனாலோ, ஒரு மூச்சுக்கும் அடுத்ததுக்கும் பத்து நொடி இடைவெளி விழுந்தாலோ, உதடு நீலமாகத் தெரிந்தாலோ, வலிப்பு வந்தாலோ யோசிக்கவே வேண்டாம். சின்ன வயதில் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும், அதை வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. அப்புறம், பார்வை மங்குகிறது என்று சொன்னால் அது சாராயத்தில் மெத்தனால் என்ற விஷம் இருப்பதற்கான அடையாளமாக இருக்கலாம். கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தது அதனால்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது எத்தனை மணிக்குக் குடித்தான், என்ன குடித்தான் என்பது. பையன்கள் கோரஸாக "ரெண்டு பீருங்க சார்" என்றார்கள். பச்சைப் பொய். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில் பெற்றவர்களும் இப்படித்தான் மறைக்கிறார்கள். பதினெட்டுக்குக் கீழே இருக்கிற பிள்ளைக்குச் சரக்குக் கொடுத்தவருக்குத்தான் 2015ஆம் வருடத்துச் சிறார் நீதிச் சட்டத்தில் ஏழு வருடம் வரை ஜெயிலும் ஒரு லட்சம் வரை அபராதமும். டாக்டரிடம் கள்ளா, பிராந்தியா, கூட மாத்திரை ஏதாவது போட்டானா என்று அப்படியே சொல்லிவிடுங்கள்.

அன்றைக்கு ராத்திரியே விசாரணை வைப்பது அடுத்த தவறு. மச்சான் ஆஸ்பத்திரி வராந்தாவில் பெல்ட்டைக் கழற்றிவிட்டார், நானும் ஒரு நர்ஸம்மாவும் சேர்ந்து பிடித்தோம். போதை தலைக்கேறியபோது மூளை புதிய நினைவைப் பதிந்து வைக்காது. நீங்கள் அழுததும் திட்டியதும் தாத்தா காலத்து மானம் மரியாதையைப் பேசியதும் அவனுக்கு மறுநாள் ஞாபகமே இருக்காது, அடி வலி மட்டும் இருக்கும். பேச்சை மறுநாளைக்கு வையுங்கள். ஆனால் மறுநாள் பேசியே ஆக வேண்டும், ஏனென்றால் இதற்கு நேர்மாறான தவறையும் நிறைய வீட்டில் பார்க்கிறேன். அம்மா சட்டையைத் துவைத்துப் போட்டு, "காய்ச்சல்" என்று ஊருக்குச் சொல்லி, அப்பாவுக்கே தெரியாமல் மூடிவிடுவார். பெண் பிள்ளை என்றால் இன்னும் ஆழமாகப் புதைத்துவிடுவார்கள், பெண் உடம்பில் அதே அளவு சரக்கு கூடுதலாக ஏறும் என்பதையும் சேர்த்து.

மறுநாள் என்ன பேசுவது? அக்கா செய்தது எனக்குச் சரியாகப் பட்டது. பதினோரு மணிக்கு அவனுக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன ஆச்சு கண்ணு, முதல்ல இருந்து சொல்லு" என்றாள், அவ்வளவுதான். இடையில் ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் தடவை இல்லை, நோம்பிக்கு ஒரு தடவை, கபடி மேட்ச் முடிந்து ஒரு தடவை என்று அவனாகவே சொன்னான். பெல்ட்டை எடுத்திருந்தால் "இதுதான் முதல் தடவை, இனிமேல் சத்தியமாக் குடிக்க மாட்டேன்" என்ற ஒரே வரியோடு முடிந்திருக்கும். கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் வாங்குகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்: சத்தியத்தை மீறிய பிள்ளை அடுத்த தடவை மறைக்கத்தான் கற்றுக்கொள்ளும். எங்கள் பக்கம் ஐயப்பனுக்கு மாலை போட்டு விடுவதும் ஒரு வைத்தியம். 41 நாள் சுத்தமாக இருப்பான், அதில் குறையே இல்லை, மாலையைக் கழற்றிய அன்று கூட்டாளிகள் எங்கே காத்திருப்பார்கள் என்று உங்களுக்கும் தெரியும்.

"கள்ளுதானே, உடம்புக்குக் குளிர்ச்சி" என்று எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) சொல்லிவிட்டார். இந்தப் பேச்சு வராத வீடு எல்லைப்பக்கம் இருக்காது. மரத்தில் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்குவது பதநீர், தடவாமல் இறக்குவது கள். மரத்திலேயே புளிக்க ஆரம்பித்துவிடும், சாயங்காலத்துக்குள் பீர் அளவுக்குப் போதை ஏறியிருக்கும். அப்புச்சி காலத்தில் தோப்பில் இறக்கியதை அங்கேயே குடித்தார்கள். இன்றைக்குச் சித்தூர் தாலுகாவில் இறக்கும் கள் கேரளத்தின் பல மாவட்டங்களுக்கு வண்டி ஏறிப் போகிறது, கிராக்கி அதிகமாகும்போது அதில் என்னென்ன கலக்கிறார்கள் என்பது குடிக்கிறவனுக்குத் தெரியாது. "பீர்தானே" என்பதும் அதே கதை. 650 மில்லி ஸ்ட்ராங் பீரில் நாற்பது கிராம் ஆல்கஹால் வரை இருக்கும், ஒரு கட்டிங்கில், அதாவது அரைக் குவார்ட்டரில், முப்பதுதான்.

இதிலேயே படித்த வீட்டுத் தவறு ஒன்று உண்டு. வெளியே போய்க் குடிப்பதற்கு நம் கண் முன்னால் கொஞ்சமாகக் குடிக்கட்டும், அளவு தெரிந்துகொள்வான் என்று அப்பாவே ஒரு பீர் ஊற்றிக் கொடுப்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் சுமார் 1,900 பிள்ளைகளை ஆறு வருடம் தொடர்ந்து பார்த்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றவர்கள் கொடுத்துப் பழக்கியதால் எந்தப் பாதுகாப்பும் தெரியவில்லை. அந்தப் பிள்ளைகள் வெளியிலும் வாங்கிக் குடிப்பதுதான் கூடியது. பதினைந்து வயதுக்கு முன் ஆரம்பிப்பவர்கள் பின்னால் குடிக்கு அடிமையாவது, இருபதைத் தாண்டி ஆரம்பிப்பவர்களைப் போல நான்கு மடங்கு என்று அமெரிக்க ஆய்வுகள் சொல்கின்றன. யோசித்து நிதானிக்கிற மூளைப்பகுதி இருபத்தைந்து வயது வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு வருடம் தள்ளிப்போவதும் லாபம்தான்.

எனக்கு அதிகம் பயம் தருவது சோற்றில் மருந்து கலப்பது. "அவருக்குத் தெரியாமலே குடியை மறக்கடிக்கலாம்" என்று பஸ் ஸ்டாண்டு சுவரெல்லாம் ஒட்டியிருக்கும். அந்தப் பொடியில் என்ன இருக்கிறதென்று விற்கிறவனுக்கே தெரியுமோ என்னவோ. டாக்டர்கள் குடிநோய்க்குக் கொடுக்கும் டைசல்ஃபிராம் என்ற மாத்திரை உண்டு. அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம், நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை உடம்பில் அதன் வேலை இருக்கும். அதனால்தான் சம்மதம் வாங்கி, எல்லாம் விளக்கிச் சொல்லிக் கொடுக்கிறார்கள். பெரியவர்களுக்கே அப்படி. இதைப் பதினேழு வயதுப் பையனின் சாம்பாரில் ரகசியமாகக் கலந்த ஓர் அம்மாவை எனக்குத் தெரியும், பாசத்தில்தான் செய்தார். பையன் பிழைத்துக்கொண்டான், அம்மா கையால் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான்.

பைக் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள், அங்கே பாசம் வேண்டாம். பதினெட்டு ஆகாதவன் ஓட்டிப் பிடிபட்டாலே வண்டிக்காரருக்கோ பெற்றவருக்கோ மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. அதோடு ஒரு வாக்கும் கொடுங்கள்: "எந்த நேரமானாலும் கூப்பிடு, நான் வந்து கூட்டிக்கிட்டு வரேன், அன்னைக்கு ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன்." சொன்னால் காப்பாற்றவும் வேண்டும். வண்டியில் வரும்போது முனகிக்கொண்டே வந்தால்கூட அடுத்த தடவை போன் வராது.

கூட்டாளிகளைக் குற்றம் சொல்வதைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் வீட்டில் உங்கள் பையன்தான் அந்தக் கெட்ட கூட்டாளி.

எப்போது வெளியே உதவி கேட்பது? தனியாகக் குடித்தால், காலையில் குடித்தால், பணம் காணாமல் போனால், படிப்பு சட்டென்று சரிந்தால், தூக்கம் வரக் குடிக்கிறேன் என்று அவனே சொன்னால். அதற்குப் பின்னால் வேறு ஏதோ இருக்கும், ராகிங்கோ, காதலோ, வீட்டுச் சண்டையோ. அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் கூப்பிட்டால் தமிழிலேயே பேசுவார்கள். போதைக்கென்று தனியாக 14446 இருக்கிறது. ஒரு தடவை குடித்துவிட்டு வந்த பையனைக் கட்டிப்போட்டு மறுவாழ்வு மையத்தில் தள்ளுவது வேறு விஷயம், அதைச் செய்யாதீர்கள்.

கடைசியாக, அப்பாக்கள். ஐந்தாவது படிக்கும்போதே சோடாவும் முறுக்கும் வாங்கிவரக் கடைக்கு ஓடிய பிள்ளைகள்தான் இவர்கள். சரக்கையே வாங்கிவரச் சொன்னால் அதுவும் சிறார் நீதிச் சட்டத்தில் ஏழு வருடத்துக் குற்றம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? கவுன்சலிங்கில் பையனிடம், "நீ முதன்முதலில் எங்கே பார்த்தாய்?" என்று கேட்டபோது அவன் மச்சானைப் பார்த்தான், மச்சான் சுவர்க் காலண்டரைப் பார்த்தார். திண்ணையில் உட்கார்ந்து குடிப்பதை அன்றோடு விட்டுவிட்டார், இப்போது தோப்பில் இருக்கும் சாளை வீட்டுக்குப் போய்விடுகிறார். ராத்திரிச் சாப்பாட்டைத் தூக்குப்போசியில் கொண்டுபோய்க் கொடுப்பது இன்னமும் பையன்தான்.