கஞ்சி இல்லாத காய்ச்சல் பத்தியம்: மாச்சத்துக் குறைத்துச் சாப்பிடுவோருக்கு ஒரு செய்முறை

காய்ச்சல்காரரைப் பார்க்க வரும் மாமியின் சொப்பிங் பாக்கைத் திறந்து பாருங்கள். கிரீம் கிரேக்கர் ஒரு பெட்டி, மோல்ட் ஒரு பக்கற், குளுக்கோஸ் மா, நாலு தோடம்பழம். அடுப்பில் ஏற்கெனவே கஞ்சி கொதிக்கிறது. எங்கள் ஊரில் வருத்தக்காரருக்கென்று ஒதுக்கிய சாப்பாடு முழுக்க மாவும் சீனியும்தான். சலரோகத்துக்காகவோ எடை குறைக்கவோ சோறு, பாண், பிட்டை நிறுத்தி இரண்டு மூன்று கிழமை ஒழுங்காக இருந்தவர்களுக்கு முதல் சறுக்கல் அநேகமாக ஒரு தடிமன் காய்ச்சலில்தான் வருகிறது.

ஆனால் அதே அடுப்பில்தான் இதற்கு மாற்றும் இருக்கிறது. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு வைக்கும் சரக்கரைச்ச கறியும், மிளகு தட்டிப்போட்ட கோழிச்சாறும், தேசிக்காய்ப்புளி விட்ட மீன் சொதியும் மாச்சத்து மிகக் குறைந்தவை. அதைக் கைக்கொள்வது எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில், யார் இதைச் செய்யக்கூடாது

சிறுபிள்ளைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார் காய்ச்சல் நேரத்தில் மாச்சத்தைக் குறைக்கக் கூடாது. குறிப்பாகப் பாலூட்டும் தாய் சாப்பிடாமல் மாச்சத்தையும் விட்டால் இரத்தத்தில் அமிலம் ஏறி ஆபத்தாகலாம். இன்சுலின் போடுபவர்கள் வைத்தியரைக் கேட்காமல் எதையும் மாற்ற வேண்டாம். சிறுநீரக வருத்தம், இதய வருத்தம் உள்ளவர்களுக்கு (வவுனியாப் பக்கத்தில் சிறுநீரக நோயாளர் கணிசம்) கீழே சொல்லும் உப்பு, தண்ணீர் அளவுகள் பொருந்தாது. அவர்களுக்குக் கிளினிக்கில் சொன்ன அளவுதான்.

படி 1: இது காய்ச்சலா, உப்புக் குறைவா?

மாச்சத்தை நிறுத்தி முதல் கிழமைக்குள் தலையிடி, அலுப்பு, கெண்டைக்கால் பிடிப்பு, எழும்பினால் தலைசுற்று என்று வந்தால், முதலில் தேமோமீற்றரை வையுங்கள். சூடு இல்லையென்றால் அது அநேகமாக நோயல்ல. மாச்சத்துக் குறைய இன்சுலின் இறங்கும். இன்சுலின் இறங்கினால் சிறுநீரகம் உப்பை வெளியே விடும். உப்போடு தண்ணீரும் போகும். ஒரு கோப்பை சுடுதண்ணீரில் கால் தேக்கரண்டி உப்பும் அரைத் தேசிக்காயும் விட்டுக் குடித்தால் பெரும்பாலும் ஒரு மணித்தியாலத்தில் தெளியும். இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் இந்த உப்புக்கு முன் பிரஷரைப் பார்க்க வேண்டும். மருந்தே கூடிப்போய்ச் சுற்றுகிறதாகவும் இருக்கலாம்.

சூடு இருந்தால் மேலே வாசியுங்கள். வேர்வையோடும் உப்புத்தான் போகிறது. அதனால் மாச்சத்துக் குறைத்தவர் காய்ச்சலில் மற்றவர்களைவிடக் கெதியாக வாடுவார்.

படி 2: தண்ணீர், அதற்குப் பிறகுதான் சாப்பாடு

காய்ச்சல் மட்டும் என்றால் வளர்ந்தவருக்கு நாளுக்கு 2 முதல் 2.5 லீற்றர் வரை. வெறும் தண்ணீராகவே ஊற்றாமல் பாதியைச் சாறு, இரசம், உப்புப் போட்ட மோர், கொத்தமல்லித் தண்ணி என்று பிரித்துக்கொள்ளுங்கள். சலம் வெளிர் மஞ்சளாகப் போனால் போதுமான அளவு குடிக்கிறீர்கள்.

சத்தியும் வயிற்றோட்டமும் என்றால் கதை வேறு. இங்கே மாச்சத்துக் கணக்கை மூடி வைத்துவிட்டு ஜீவனியை (உப்பும் குளுக்கோசும் கலந்து பையில் வரும் தூள்) கரையுங்கள். “அதில் குளுக்கோஸ் இருக்கே” என்று தயங்குபவர்கள் உண்டு. அந்தக் குளுக்கோஸ் இனிப்புக்காகப் போட்டதல்ல. குடலின் சுவரில் உப்பும் குளுக்கோசும் சேர்ந்துதான் உள்ளே போகின்றன, அவற்றின் பின்னால் தண்ணீர் போகிறது. குளுக்கோசை எடுத்துவிட்டால் குடிப்பது அப்படியே வெளியே வரும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லீற்றரில் 13.5 கிராம் குளுக்கோஸ்தான். ஒரு பிடி சோற்றை விடக் கூட இல்லை.

கரைக்கும் முறையில்தான் பிழை விடுகிறார்கள். கொதித்து ஆறின தண்ணீர் ஒரு லீற்றரை முதலே அளந்து வையுங்கள். 500 மில்லி தண்ணிப் போத்தல் இரண்டு என்றால் கணக்குச் சரி. ஒரு லீற்றர் என்று பையில் போட்டிருந்தால் பை முழுவதையும் அதில் கொட்டுங்கள். பாதிப் பையை ஒரு கிளாசில் கரைக்காதீர்கள். பைக்குள் உப்பும் குளுக்கோசும் சமமாகக் கலந்திருக்காது, கரைசல் தடித்தால் வயிற்றோட்டம் கூடும். கரைத்ததைச் சூடாக்கக் கூடாது. 24 மணித்தியாலத்துக்குப் பிறகு மிச்சத்தை ஊற்றிவிட வேண்டும். ஒவ்வொரு தடவை வயிற்றாலை போனதன் பிறகும் ஒரு கிளாஸ். சத்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, பிறகு மேசைக்கரண்டியால் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருதரம்.

வீட்டில் ஜீவனி இல்லையென்றால் ஒரு லீற்றர் தண்ணீருக்குத் தட்டையாக வழித்த 6 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. செவ்விளநீரில் பொட்டாசியம் நிறைய, உப்புச் சத்துக் குறைவு. ஒரு காயில் 15 கிராமளவு சீனியும் இருக்கும். வயிற்றோட்டத்துக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம்.

படி 3: ஒரு பானை கோழிச்சாறு

இதைக் காலையில் வைத்துப் பிளாஸ்கில் ஊற்றிவிட்டால் அன்றைய நாளில் பாதி வேலை முடிந்தது.

எலும்போடு ஊர்க்கோழி 500 கிராம், தண்ணீர் ஒன்றரை லீற்றர், மல்லி 1 மேசைக்கரண்டி, நற்சீரகம் ஒன்றரைத் தேக்கரண்டி, மிளகு 1 தேக்கரண்டி, மஞ்சள் கால் தேக்கரண்டி, உள்ளி 8 பல்லு, இரண்டு அங்குல இஞ்சி, சின்ன வெங்காயம் 5, கருவேப்பிலை ஒரு நெட்டு, உப்பு 1 தேக்கரண்டி, ஒரு தேசிக்காய்.

இறைச்சியைப் பச்சைத் தண்ணீரிலேயே போட்டு அடுப்பை மூட்டுங்கள். கொதிதண்ணீரில் போட்டால் மேற்புறம் இறுகிச் சாறு தெளிவாக இறங்காது. முதல் கொதிக்குச் சற்று முன்னர் சாம்பல் நிற நுரை திரளும். அகப்பையால் ஓரத்திலிருந்து நடுவுக்கு வழித்து எடுங்கள். நுரை வெள்ளையாக மாறியதும் நிறுத்தலாம். அதற்குப் பிறகு விறகை இழுத்து நெருப்பைக் குறையுங்கள். தளதளவென்று கொதிக்கக் கூடாது, பானையின் ஒரு பக்கத்தில் மட்டும் குமிழ் வந்தால் போதும். ஊர்க்கோழிக்கு ஒன்றரை மணித்தியாலம், பிறொய்லருக்கு 40 நிமிடம்.

மல்லி, சீரகம், மிளகை வெறும் சட்டியில் மணம் வரும் வரை சூடுகாட்டி உரலில் ஒன்றிரண்டாக இடியுங்கள். மாவாக அரைத்தால் சாறு கலங்கித் தொண்டையில் கரகரக்கும். உள்ளி, இஞ்சி, வெங்காயத்தைத் தட்டிச் சேர்த்து எல்லாவற்றையும் கடைசி 20 நிமிடத்துக்குப் போடுங்கள். தேசிக்காய்ப்புளி அடுப்பால் இறக்கிய பிறகுதான். கொதிக்கும்போது விட்டால் கசக்கும்.

வடித்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர், நாலு கோப்பை. கோப்பைக்கு மாச்சத்து 3 கிராமைத் தாண்டாது. அதில் கரட்டும் உருளைக்கிழங்கும் நூடில்சும் போட்டாலோ, கடைச் சூப் மாதிரிச் சோளமா கரைத்து விட்டாலோ இந்தக் கணக்குப் போயிற்று. வயிறு பிரட்டுகிற முதல் நாளில் மேலே மிதக்கும் எண்ணெயை வழித்துவிடுங்கள். கொழுப்பு இரைப்பையில் நெடுநேரம் நிற்கும், பிரட்டல் கூடும். தேங்காய்ப்பாலும் அன்றைக்கு வேண்டாம்.

இரண்டாம் நாள் பசி வந்தால் சொதிக்குப் போகலாம். குளத்து விரால் கிடைத்தால் அதுதான் முதல் தெரிவு. இல்லையென்றால் சந்தைக்கு வரும் ஜப்பான் மீனும் (திலாப்பியா) நல்லது, முள்ளைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பாலில் வெங்காயம், பச்சைமிளகாய், மஞ்சள், வெந்தயம் அரைத் தேக்கரண்டி போட்டு மீனை அவித்து, முதற்பாலைக் கடைசியில் விட்டு, கொதிக்க விடாமல் துழாவி இறக்க வேண்டும். கொதித்தால் பால் திரையும். முட்டையென்றால் அவித்து மிளகு தூவி நாளுக்கு இரண்டு. வருத்தக்காரருக்குப் பச்சை முட்டை கொடுக்கும் பழக்கம் வேண்டாம், கிருமித் தொற்று வரலாம்.

நாள் முழுக்க ஒன்றும் இறங்கவில்லையென்றால்?

கஞ்சி குடியுங்கள். பிடிவாதம் பிடிக்கிற நேரமில்லை. 2 மேசைக்கரண்டி அரிசியை 4 கோப்பை தண்ணீரில் குழைய விட்டு, உள்ளியும் ஒரு பிடி முருங்கையிலையும் போட்டு மூன்று கோப்பையாக வற்ற வைத்தால், ஒரு கோப்பைக்கு 7 கிராமளவுதான் மாச்சத்து. வழக்கமான கெட்டிக் கஞ்சியில் இதன் பல மடங்கு வரும். ஒடியல் மாவும் மாச்சத்துத்தான். ஆகவே கூழ் “ஊர்ச்சாப்பாடு” என்பதால் கணக்கிலிருந்து தப்பாது.

படி 4: மருந்தோடு வரும் சீனி

இருமல் சிரப் பலவற்றில் 5 மில்லிக்கு 2 முதல் 4 கிராம் சீனி இருக்கலாம். தொண்டைக்குச் சப்பும் இனிப்பு வில்லை ஒன்றில் 2 கிராமுக்கு மேல். நாளுக்கு எட்டுச் சப்பினால் பாண் துண்டு ஒன்றைத் தாண்டும். கொத்தமல்லித் தண்ணியில் ஒரு சதமும் இல்லை. ஆனால் கடித்துக்கொண்டு குடிக்கும் பனங்கட்டித் துண்டில் 9 கிராமளவு. வன்னிக் காட்டுத்தேன் ஒரு தேக்கரண்டி 6 கிராம். படுக்கப் போகும்போது ஒரு கரண்டி தேன் இருமலைத் தணிக்கும், அதை விடச் சொல்ல மாட்டோம். மூன்று வேளையும் வேண்டாம். மோல்ட் இரண்டு மூன்று கரண்டி, பால்மா, சீனி என்று கலக்கினால் ஒரு கோப்பை 20 கிராமைத் தாண்டும். கிரீம் கிரேக்கர் ஒன்று 5 கிராம், அதை யாரும் ஒன்றோடு நிறுத்தியதாகத் தெரியவில்லை.

பாமசியில் “குளிசையாகத் தாங்கோ” என்று கேளுங்கள். பனடோல் 500 மில்லிகிராம் குளிசை, வளர்ந்தவருக்கு ஒரு தடவைக்கு 1 அல்லது 2, குறைந்தது 4 மணித்தியால இடைவெளி, 24 மணித்தியாலத்தில் 8க்கு மேல் கூடாது. தடிமன் குளிசைகளிலும் பரசிற்றமோல் கலந்திருக்கும், அதையும் சேர்த்து எண்ணுங்கள். வைத்தியர் எழுதின அன்ரிபயோற்றிக் சிரப்பாக மட்டும் கிடைத்தால் குடித்தே ஆக வேண்டும். அந்தச் சீனிக்காக மருந்தை விடுவது மடைத்தனம்.

மாமி கொண்டுவந்த பெட்டியை வாங்கி, “பிறகு சாப்பிடுறன் மாமி, இப்ப சாறு குடிச்சனான்” என்று சொல்லிப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். சண்டை வேண்டாம்.

படி 5: சலரோகம் உள்ளவர்கள்

காய்ச்சலில் உடம்பு கோட்டிசோல், அட்ரினலின் போன்றவற்றைச் சுரக்கும். ஒன்றும் சாப்பிடாமலே சுகர் ஏறும். 4 மணித்தியாலத்துக்கு ஒருதரம் குத்திப் பாருங்கள். குத்த முன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள், விரலில் தேன் ஒட்டியிருந்தால் மீற்றர் பொய் சொல்லும். 250 mg/dLக்கு மேலே தொடர்ந்து நின்றால் வைத்தியசாலைக்குப் போங்கள். 70க்குக் கீழே போனால் 3 தேக்கரண்டி சீனியை உடனே கரைத்துக் குடித்து 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள். இதில் பத்தியம் பார்க்கக் கூடாது.

கிளிக்கிளசைட் எடுப்பவர் சாப்பாடு குறைந்தால் சுகர் விழலாம். சத்தி, வயிற்றோட்டம் நிற்காதபோது மெற்போமினை நிறுத்தி வைக்கச் சொல்வார்கள், கிளினிக்கில் கேளுங்கள். இன்சுலினை, சாப்பிடாவிட்டாலும், தானாக நிறுத்தக் கூடாது.

எம்பாகிளிஃபுளோசின், டாபாகிளிஃபுளோசின் எடுப்பவர்கள் இந்தப் பந்தியை இரண்டு தரம் வாசியுங்கள். இந்த மருந்தும் குறைந்த மாச்சத்தும் காய்ச்சலும் சேர்ந்தால், மீற்றரில் சுகர் சாதாரணமாகத் தெரியும்போதே இரத்தத்தில் அமிலம் ஏறலாம். வருத்தம் தொடங்கிய நாளே வைத்தியரிடம் கேட்டு அதை நிறுத்த வேண்டும், மாச்சத்தையும் குறைக்கக் கூடாது. மாச்சத்துக் குறைத்தவர்களின் வாயில் ஒரு பழ வாசம் வழக்கமாகவே வரும். அதோடு சத்தி, வயிற்றுவலி, ஆழமான வேக மூச்சு சேர்ந்தால் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள்.

படி 6: எப்போது பத்தியத்தை முழுக்கக் கைவிடுவது

மாரியில் வரும் காய்ச்சலெல்லாம் தடிமன் அல்ல. இரண்டு நாளைக்கு மேல் நின்றால் இரத்தம் சோதிக்க வேண்டும். டெங்கு என்று சந்தேகம் வந்தால் ஜீவனி, பழச்சாறு, கஞ்சித் தண்ணி என்று வைத்தியர் சொல்வதையே குடியுங்கள், மாச்சத்தை எண்ண வேண்டாம். சிவப்பு, மண்ணிறப் பானங்களைத் தவிருங்கள். சத்தியில் இரத்தம் வந்தாலும் தெரியாமல் போகும். அஸ்பிரின், இபுபுறொஃபென், டைக்ளோஃபினக் தொடக்கூடாது. காய்ச்சல் விட்டு உடம்பு குளிர்ந்த நேரம்தான் டெங்கில் கவனிக்க வேண்டிய நேரம்: வயிற்றுவலி, நிற்காத சத்தி, முரசில் இரத்தம், கறுப்பு மலம், 6 மணித்தியாலமாகச் சலம் போகாமை.

வயலில் சேறு மிதித்தவருக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். வயலில் நின்றதை வைத்தியரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். உள்ளூர்க் கிராமங்களில் வாய்க்கால் பாய்ந்தால் பாதை மறிபடும், ஆகவே இருட்ட முன் வெளிக்கிடுங்கள்.

படி 7: திரும்பி வருதல்

காய்ச்சல் விட்டு 24 மணித்தியாலம் போகட்டும். நாலு நாள் கஞ்சி குடித்திருந்தால் தராசு ஒன்று இரண்டு கிலோ கூட்டிக் காட்டும். அது கொழுப்பல்ல, மாச்சத்தோடு உடம்பில் தங்கிய தண்ணீர். ஒரே நாளில் எல்லாவற்றையும் வெட்டினால் படி 1 இல் சொன்ன தலையிடி திரும்பவும் வரும். முதல் இரண்டு நாள் மத்தியானத்துக்கு மட்டும் அரைக் கோப்பை சோறு, கூடவே உள்ளங்கை அளவு மீன், வல்லாரைச் சம்பல் அல்லது பொன்னாங்காணி வறை. பிறகு சோற்றை எடுத்துவிடலாம். அந்தக் கிழமை விரதம் பிடிக்க வேண்டாம்.

ஐப்பசி பிறக்க முன் ஒரு தகரப் பெட்டியில் இவற்றைப் போட்டு வையுங்கள்: ஜீவனி 4 பை, பனடோல் இரண்டு காட், தேமோமீற்றர், இடித்த மல்லி மிளகு சீரகம் ஒரு சின்னப் போத்தல், வேர்க்கொம்பு, சுகர் மீற்றரும் ஸ்ரிப்பும். ஸ்ரிப் போத்தலின் மூடியை ஒவ்வொரு தடவையும் எடுத்த கையோடு இறுக்குங்கள், மாரி ஈரம் பட்டால் இலக்கம் பிழைக்கும்.