பாலியல் நலத்தை விளையாட்டு வழியாகக் கற்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல்கலைக்கழக மாணவர்களிடம் பாலியல் நலம் பற்றிப் பேச விளையாட்டு நல்ல வழி. தன் சந்தேகத்தைக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கூட ஒரு கதாபாத்திரத்தின் வாயால் கேட்டுவிடுவார். ஆனால் விளையாட்டைத் தப்பாக அமைத்தால் அந்தக் கூச்சம் இன்னும் இறுகிப்போகும்.

அடிக்கடி நடக்கும் தவறு, வினாடி வினாவோடு நின்றுவிடுவது. கிளமிடியா என்ற பாலியல் தொற்று பாக்டீரியாவால் வருகிறது என்று சொன்னால் 10 புள்ளி. சரி, அப்புறம்? பலருக்கு அந்தத் தொற்று எந்த அறிகுறியும் காட்டாது என்று தெரிந்தும் பரிசோதனைக்குப் போகத் தயங்குகிறார்களே, அந்தத் தயக்கத்துக்குப் புள்ளிகள் என்ன செய்யும்? முடிவெடுக்க வேண்டிய சூழலைக் கொடுங்கள். ஆணுறை கிழிந்துவிட்டது, இப்போது என்ன செய்வது? எச்.ஐ.வி. தொற்றுக்கு வாய்ப்பு இருந்தால் தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இங்கே ஓடும் கடிகாரம் பொருத்தமானது. சம்மதம் பற்றிய காட்சியில் மட்டும் அதை வைக்காதீர்கள். ஒருவரை அவசரப்படுத்திச் சம்மதம் வாங்கக் கூடாது என்பதுதானே அங்கே பாடம்!

தொற்று வந்தவர் ‘அவுட்’ என்ற விதியை நான் கடுமையாக எதிர்க்கிறேன். கிளமிடியா, மேகநோய் (சிபிலிஸ்) போன்றவற்றைக் குணப்படுத்தலாம். எச்.ஐ.வி. உள்ளவர் தொடர்ந்து மருந்து எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவிலேயே இருந்தால், உடலுறவு மூலம் அது பரவாது. விளையாடும் குழுவிலேயே அப்படி ஒருவர் இருக்கலாம். தொற்றைத் தோல்வியாகக் காட்டினால் அவர் மனம் என்ன பாடுபடும்? பரிசோதித்து, சிகிச்சை எடுத்து, ஆட்டத்தைத் தொடர வழி வையுங்கள்.

பெயரோடு மதிப்பெண் பட்டியல் போடுவதும், சொந்த அனுபவத்தைச் சொல்லச் சொல்வதும் கூடாது. ஆண்-பெண் ஜோடிகளை மட்டுமே காட்டுவதும் பலரை வெளியே நிறுத்திவிடும்.

இருப்பதிலேயே பெரிய தவறு, ஆட்டம் முடிந்ததும் கலைந்துபோவது. ஏன் அந்த முடிவை எடுத்தார்கள், எங்கே தடுமாறினார்கள் என்று பேசும்போதுதான் பாதிப் பாடமே நடக்கிறது. ஆட்டத்துக்கு எவ்வளவு நேரமோ, பேச்சுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு ஒதுக்குங்கள். அதை நடத்துபவர் கேள்விகளுக்குக் கூசாமல் பதில் சொல்லத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

முடிந்த கையோடு ‘பிடித்திருந்ததா?’ என்று மட்டும் கேட்காதீர்கள். சில வாரம் கழித்து, பெயர் கேட்காமல், பரிசோதனை எங்கே செய்துகொள்ளலாம் என்று தெரியுமா, துணையிடம் ஆணுறை பற்றிப் பேச முடிந்ததா என்று கேளுங்கள்.