வானிலை வாக்குத் தராத ஊர்களுக்குப் போவது எப்படி?

ஐஸ்லாந்தின் தெற்குக் கடற்கரை. கறுப்பு மணலை ஒட்டிய ஓர் இடத்தில் காரை நிறுத்திவிட்டு, ஒரு கையில் கேமராவைப் பிடித்தபடி மறு கையால் கதவைத் திறந்தேன். கதவு கையைவிட்டுப் பறந்தது. காற்று அதை முன்பக்கமாக மடக்கிக் கீலை வளைத்துவிட்டது. அப்புறம் அது மூடவே இல்லை. கயிற்றால் இழுத்துக் கட்டிக்கொண்டு 40 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி வந்தோம். அறைக்கு வந்து வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால், காற்று உடைத்த கதவுக்குக் காப்பீடு கிடையாது என்று தெளிவாகவே எழுதியிருந்தது.

இத்தனைக்கும் அன்று காலை நான் கைபேசியில் பார்த்த முன்னறிவிப்பு தப்பவில்லை. வெயில் படம் போட்டிருந்தது, வெயிலும் அடித்தது. படத்துக்குக் கீழே சின்னதாக இருந்த காற்றின் வேகத்தை நான் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு பத்து வருடங்களுக்கும் மேலாக இப்படிப்பட்ட இடங்களுக்கே திரும்பத் திரும்பப் போகிறேன். ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்கார்ம் மலைகள், தென் அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள படகோனியா, நியூசிலாந்தின் தெற்குத் தீவு, அமெரிக்காவின் ராக்கி மலைகள். இங்கெல்லாம் "மழை வருமா?" என்று கேட்டு முடிவெடுக்க முடியாது. "சொன்னது தப்பினால் அந்த நேரத்தில் நான் எங்கே நிற்பேன், அங்கிருந்து எப்படி வெளியே வருவேன்?" என்று கேட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும். அதை நான் எப்படிச் செய்கிறேன் என்று எழுதுகிறேன்.

முதலில், போகிற இடம் ஏன் அப்படி மாறுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். இதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். காரணம் தெரிந்தால்தான் எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரியும்.

மெல்பர்னை எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கே கண்டத்தின் வறண்ட உட்பகுதி, தெற்கே குளிர்ந்த தென்கடல். கோடையில் வடக்குக் காற்று அடிக்கும்போது நகரம் உலையாகக் கொதிக்கும். பிறகு தென்மேற்கிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே நுழையும். ஒரு மணி நேரத்துக்குள் 15 டிகிரி இறங்குவது அங்கே பெரிய செய்தி இல்லை. ஆனால் அந்த மாற்றம் எப்போதும் நிம்மதி தருவதில்லை. 2009 பிப்ரவரி 7 அன்று மெல்பர்னில் 46.4 டிகிரி பதிவானது. விக்டோரியா மாநிலக் காடுகள் எரிந்துகொண்டிருந்தன. மாலையில் காற்று திசை திரும்பியபோது, நீளவாக்கில் ஓடிய தீயின் பக்கவாட்டு முழுவதும் அகலமான முன்வரிசையாக மாறி ஊர்களை நோக்கி வந்தது. அந்தத் தீயில் 173 பேர் இறந்தார்கள். அந்தப் பகுதிக்குக் கோடையில் போகிறவர்கள் வெப்பநிலையைவிடக் காற்று திரும்பும் நேரத்தைத் தேடிப் படிக்க வேண்டும்.

படகோனியாவின் கதை வேறு. தெற்கு அரைக்கோளத்தில் அந்த அட்சரேகைகளில் மேற்குக் காற்றைத் தடுக்க ஏறக்குறைய நிலமே இல்லை. கடல் முழுக்க ஓடி வந்த காற்று முதலில் மோதுவது ஆண்டீஸ் மலைத்தொடரின் தென்முனையில். கோடையில்தான் காற்று அதிகம் என்பது பலருக்குத் தெரியாது. மற்ற இடங்களைப் போலக் கோடை என்றால் அமைதி என்று நம்பிப் போகிறார்கள். அங்கே டோரஸ் டெல் பைனே தேசியப் பூங்காவின் ஒரு கணவாயில் நான் இரண்டு முறை முழங்காலில் உட்கார்ந்துதான் முன்னேறினேன்.

வட அமெரிக்கச் சமவெளியில் ஆர்க்டிக் காற்றுக்கும் தெற்கின் வெதுவெதுப்பான காற்றுக்கும் நடுவே குறுக்கு மலை கிடையாது. கூடவே, ராக்கி மலைகளைத் தாண்டிக் கீழே இறங்கும் காற்று கிலோமீட்டருக்கு 10 டிகிரி வீதம் சூடாகிறது; அதை அங்கே சினூக் என்கிறார்கள். தெற்கு டகோட்டாவின் ஸ்பியர்ஃபிஷ் என்ற ஊரில் 1943 ஜனவரி 22 காலை 7:30 மணிக்கு, மைனஸ் 20 டிகிரியாக இருந்த வெப்பநிலை இரண்டே நிமிடத்தில் பிளஸ் 7 ஆனது. சற்று நேரத்தில் 12 வரை ஏறி, பிறகு 27 நிமிடத்தில் மறுபடி மைனஸ் 20க்கே விழுந்தது. ஜன்னல் கண்ணாடிகள் விரிசல் விட்டன.

உயரத்தை வைத்தும் எடைபோடாதீர்கள். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள மவுண்ட் வாஷிங்டன் வெறும் 1,917 மீட்டர். 1934 ஏப்ரல் 12 அன்று அங்கே மணிக்கு 372 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அளக்கப்பட்டது. அறுபது வருடங்களுக்கு மேல் அதுதான் உலகச் சாதனை.

சரி, இனி முன்னறிவிப்பைப் படிப்பது.

படத்தைப் பார்க்காதீர்கள். எண்களைப் பாருங்கள், அதிலும் முதலில் காற்று. சராசரி வேகம் ஓர் எண்ணாகவும், இடையிடையே வரும் பலத்த வீச்சு இன்னோர் எண்ணாகவும் இருக்கும். உங்களைக் கீழே தள்ளப்போவது இரண்டாவது எண்தான். வேகம் இரண்டு மடங்கானால் உடம்பின் மேல் விழும் தள்ளுவிசை நான்கு மடங்காகும். மணிக்கு 40 கிலோமீட்டரில் தொப்பி பறக்கும், 80இல் நடை தடுமாறும், 100ஐத் தொட்டால் திறந்த மலைமுகட்டில் இருக்கவே கூடாது. அடுத்ததாக, அந்த வெப்பநிலை எந்த உயரத்துக்கு என்று பாருங்கள். ஊருக்குச் சொன்ன எண்ணிலிருந்து ஒவ்வொரு கிலோமீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய ஆறரை டிகிரி கழித்துக்கொள்ள வேண்டும். அதோடு காற்றையும் சேருங்கள்: பூஜ்யம் டிகிரியில் 50 கிலோமீட்டர் காற்று அடித்தால் வெறும் தோலுக்கு அது மைனஸ் 8 போல உறைக்கும்.

எத்தனை நாள் முன்னறிவிப்பை நம்பலாம்? 1961இல் எட்வர்ட் லோரன்ஸ் என்ற வானிலை விஞ்ஞானி கணினியில் ஒரு கணக்கைத் திரும்ப ஓட்டினார். 0.506127 என்ற எண்ணுக்குப் பதில் 0.506 என்று சுருக்கிப் போட்டார். கொஞ்ச நேரத்தில் இரண்டு கணக்கும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் பிரிந்தன. தொடக்கத்தில் உள்ள அற்ப வித்தியாசம் நாளாக ஆக ஊதிப் பெருகும் என்று அப்போது புரிந்தது. அதனால்தான் இன்று ஐரோப்பிய வானிலை மையம் ஒரே முன்னறிவிப்பைச் சிறு சிறு மாற்றங்களோடு ஐம்பது முறைக்கு மேல் ஓட்டுகிறது. எல்லாம் ஒரே பக்கம் போனால் நம்பலாம். விசிறியாக விரிந்தால் அந்த நாள் யார் கையிலும் இல்லை.

நமக்கு அந்த வசதி வேண்டும் என்றால் விண்டி போன்ற செயலியில் ஐரோப்பிய மாதிரியையும் அமெரிக்க மாதிரியையும் (வானிலையைக் கணிக்கும் கணினிக் கணக்குகள்) மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒரு வாரம் முன்பு பார்ப்பது பொதுவான போக்கு தெரிவதற்கு மட்டும். மூன்று நாள் முன்பு எந்த நாள் என்று முடிவு செய்கிறேன். முந்தின இரவில்தான் மணி நேரத்தைத் தீர்மானிக்கிறேன். இரண்டு மாதிரியும் ஒத்துப்போகாத நாளில் நீண்ட நடையை வைப்பதே இல்லை.

உள்ளூர் வானிலை அலுவலகத்தின் பக்கத்தைக் கட்டாயம் படியுங்கள். ஐஸ்லாந்தில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை வரும்; மஞ்சளையே நான் மதிக்கிறேன். ஸ்காட்லாந்தில் மலைகளுக்கென்றே ஒரு வானிலைச் சேவை இருக்கிறது. காற்று என்ன வேகம் என்பதோடு, அந்தக் காற்றில் நடக்க எப்படி இருக்கும் என்றும், உச்சிகள் மேகம் இல்லாமல் இருக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு என்றும் எழுதுகிறார்கள். வானிலையை இப்படித்தான் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

மேலே போனபின் சிக்னல் இருக்காது. அப்போது கைக்கடிகாரம் உதவும். உயரம் காட்டும் கடிகாரங்களில் பல காற்றழுத்தத்தை அளந்துதான் உயரத்தைக் கணக்கிடுகின்றன. படுக்கும்போது கடிகாரம் காட்டும் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் நகரவே இல்லை, ஆனால் காலையில் கடிகாரம் அதிக உயரம் காட்டினால், காற்றழுத்தம் இறங்கியிருக்கிறது, வானிலை கெடக்கூடும் என்று அர்த்தம். கடல் மட்டத்துக்கு அருகே 8 மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு). படகோனியாவில் ஒரு விடியற்காலை என் கடிகாரம் 60 மீட்டர் ஏறியிருந்தது. வானம் துடைத்துவைத்தது போல இருந்தது, பக்கத்துக் கூடாரக்காரர்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நான் போகவில்லை. பத்து மணிக்கு அவர்களும் முகமெல்லாம் பனித்துகளோடு திரும்பி வந்து அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சூடான தண்ணீர் போட்டுக் கொடுத்தேன்.

மேகங்களில் இரண்டை மட்டும் கற்றுக்கொண்டாலே போதும். மலைக்கு மேல் அசையாமல் நிற்கும் வழுவழுப்பான தட்டு வடிவ மேகம் மேலே பலத்த காற்று என்று சொல்கிறது. சூரியனையோ நிலவையோ சுற்றி வட்டம் கட்டியபின் மேகம் தடித்துக்கொண்டே தாழ வந்தால், ஒரு நாளுக்குள் மழையை எதிர்பாருங்கள். காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள்: வட அரைக்கோளத்தில் தாழ்வழுத்தம் உங்கள் இடது பக்கம், தென் அரைக்கோளத்தில் வலது பக்கம். பள்ளத்தாக்கில் காற்று வளைந்து வருவதால் திறந்த வெளியில்தான் இது பொருந்தும்.

ராக்கி மலைகளில் கோடை என்றால் கடிகாரமே முன்னறிவிப்பு. பிற்பகலில் இடி மேகம் கட்டும், அதனால் நண்பகலுக்குள் மரங்கள் இருக்கும் உயரத்துக்கு இறங்கிவிடுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடிக்குக் குறைவாக இருந்தால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் வரை வெளியே வர வேண்டாம்.

பாலைவனத்தில் உங்கள் தலைக்கு மேல் உள்ள வானம் எதையும் சொல்லாது. 1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவின் ஆன்டிலோப் கேன்யன் என்ற பாறைப் பிளவில் 11 பேர் வெள்ளத்தில் இறந்தார்கள். மழை பெய்தது பல கிலோமீட்டர் தள்ளி மேல்பகுதியில். குறுகிய பாறைப் பிளவுக்குள் இறங்கும் முன், தண்ணீர் எந்தத் திசையிலிருந்து வருமோ அந்தப் பகுதிக்கான முன்னறிவிப்பைப் படியுங்கள்.

பைக்குள் என்ன வைப்பது என்று நீளமாக எழுத மாட்டேன். பருத்தி வேண்டாம், ஈரமானால் காயாது. காற்றும் மழையும் புகாத மேலங்கி, கால்சட்டை, ஒரு கூடுதல் ஃபிளீஸ் (கம்பளி போன்ற குளிராடை), தொப்பி, கையுறை. வெயில் அடித்தாலும் இவை பையில் இருக்க வேண்டும். சீனாவின் கான்சு மாகாணத்தில் 2021 மே 22 அன்று நடந்த 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் ஆலங்கட்டியும் உறைமழையும் கடுங்காற்றும் திடீரென வந்து 21 பேர் இறந்தார்கள். பலர் அரைக்கால்சட்டையும் மெல்லிய சட்டையும்தான் போட்டிருந்தார்கள். மேலங்கியை நனைந்த பிறகு போடாதீர்கள். முதல் துளிக்கு முன், நின்று போடுங்கள்.

பயணத் திட்டத்தில் மூன்று நாளுக்கு ஒரு நாள் காலியாக விடுங்கள். நீங்கள் ஆசைப்பட்டுப் போன அந்த ஒரு காட்சியைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். முதல் நல்ல காலையிலேயே போய்விடுங்கள். கடைசி நாளில் வைத்தால், போகக் கூடாத வானிலையிலும் கால் தானாகப் போகும். நடை தொடங்கும் முன்பே திரும்பும் நேரத்தை எழுதிவையுங்கள். மேலே போனபின் களைப்பும் ஆசையும் சேர்ந்து "இன்னும் அரை மணி நேரம்" என்று சொல்லவைக்கும். காரை எப்போதும் காற்றை எதிர்நோக்கி நிறுத்துங்கள், கதவை இரண்டு கையாலும் திறங்கள்.

கிளம்பும் முன் என் தங்கைக்கு ஒரு செய்தி அனுப்புவேன்: எந்தப் பாதை, எத்தனை பேர், மேலங்கியின் நிறம், மாலை 7 மணிக்குள் இறங்குவேன், 9 மணி வரை தகவல் இல்லை என்றால் அந்த நாட்டு மீட்பு எண்ணைக் கூப்பிடு. ஐஸ்லாந்தில் என்றால் 112 என்று எண்ணையும் சேர்த்தே எழுதுவேன். ஒருமுறை பத்திரமாக இறங்கி, குளித்து, அப்படியே தூங்கிவிட்டேன். 8:50க்கு அவள் கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். இப்போதெல்லாம் கீழே வந்ததும் காலணியின் கயிற்றை அவிழ்ப்பதற்கு முன் "இறங்கிட்டேன்" என்று அவளுக்கு அனுப்பிவிடுகிறேன்.