குழந்தை கையில் கேழ்வரகு அடை: எங்கே தவறுகிறோம்?

என் பையனுக்கு எட்டு மாதம். கேழ்வரகு மாவில் சின்னதாக ஓர் அடை சுட்டு, விரல் நீளத்துக்கு நறுக்கி அவன் முன்னால் வைத்தேன். ஒரு துண்டை எடுத்து ஈறால் சப்பினான். முகம் சிவந்தது, கண்ணில் தண்ணீர் முட்டியது, அப்புறம் வீடே அதிர ஓர் அழுகை. தொண்டையில் சிக்கிவிட்டதோ என்று பதறிப்போனோம். மிச்சத் துண்டை நான் வாயில் போட்டபோதுதான் விஷயம் புரிந்தது: காரம். நான் மாவு அரைத்த மில்லில் எனக்கு முன்னால் யாரோ மிளகாய் அரைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். ஊறவைத்து, முளைகட்டி, நிழலில் உலர்த்தி, மூன்று நாள் பட்ட பாடு ஒரே நிமிடத்தில் போயிற்று.

இப்போதெல்லாம் முதலில் இரண்டு கைப்பிடி அரிசியை மிஷினில் ஓட்டச் சொல்லி, அந்த மாவை ஒதுக்கிவிட்டு, அதற்குப் பிறகுதான் குழந்தைக்கானதைக் கொட்டுகிறேன். தானியத்தில் குறையே இல்லை. அது குழந்தையின் கைக்கு வந்து சேரும் வழியில்தான் கோளாறு எல்லாம்.

எப்போது தொடங்குவது என்பதில் பெரிய குழப்பம் தேவையில்லை. ஆறு மாதம் முடிய வேண்டும், கழுத்து நின்று, பிடிமானத்தோடு உட்கார வேண்டும். நாலு மாதத்திலேயே “ஒரு வாய் கொடுத்துப் பார்” என்பவர்களிடம் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. ஒரு வயது தாண்டியும் கஞ்சி, கூழ் என்றே ஓட்டுவது. ஒன்பது, பத்து மாதத்துக்குள் கொஞ்சம் கெட்டியானது பழகாத பிள்ளைகள் பின்னால் சாப்பாட்டில் அதிகம் அடம்பிடிக்கிறார்கள்.

சரி, வடிவத்துக்கு வருவோம். அதிகம் தவறு நடப்பது இங்கேதான். ஆறேழு மாதக் குழந்தை முழுக் கையால்தான் பொத்திப் பிடிக்கும். பொடிப்பொடியாகப் பிய்த்து வைத்தால் அது உள்ளங்கைக்குள் மறைந்துவிடும், வாய்க்குப் போகாது. பெரியவர் விரல் அளவுக்கு நீளமாக இருந்தால்தான் ஒரு முனை கைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து எடுக்கும் பழக்கம் ஒன்பது மாதத்தை ஒட்டி வரும். சின்னத் துண்டுகளை அப்போது வைக்கலாம்.

பதத்துக்கு ஒரே சோதனைதான். துண்டை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து லேசாக அழுத்துங்கள். எதிர்ப்பே இல்லாமல் நசுங்கினால் ஈறும் நசுக்கிவிடும். இதைச் சுட்ட உடனே பார்த்துத் திருப்திப்படாதீர்கள், தட்டில் வைக்கும்போதும் பாருங்கள். கேழ்வரகிலும் கம்பிலும் கோதுமையில் இருக்கும் பசைத்தன்மை கிடையாது. கல்லிலிருந்து எடுத்தபோது பஞ்சு மாதிரி இருந்த அடை, ஆற ஆற விறைத்து ஓரத்தில் வெடிக்கும். கோதுமைச் சப்பாத்தியோ ஆறினால் தோல் மாதிரி இழுக்கும். புட்டு உதிரி உதிரியாக இருப்பதால் காய்ந்த பொடி மூச்சோடு உள்ளே போய்ப் புரையேறும். களியும் பிடிகொழுக்கட்டையும் மேலண்ணத்தில் அப்பிக்கொள்ளும்.

எங்கள் வீட்டில் கடைசியில் நிலைத்தது கேழ்வரகு இட்லிதான். ஒரு கப் இட்லி மாவுக்குக் கால் கப் கேழ்வரகு மாவு, வேகவைத்து மசித்த பரங்கிக்காய் ஒரு கரண்டி. வெந்ததும் நீளவாக்கில் நறுக்கி, நெய்யோ பருப்புத் தண்ணீரோ தொட்டுக் கொடுத்தால் தொண்டையில் வழுக்கிக்கொண்டு போகும். பணியாரமும் நல்லதே, ஆனால் உருண்டையாக அப்படியே கொடுக்காமல் நாலாகக் கீறிவிட வேண்டும், முறுகிய மேல்தோலை எடுத்துவிட வேண்டும்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று: வீட்டு இட்லி மாவில் உப்பு இருக்கிறது. ஒரு வயது வரை தனியாக உப்பு சேர்க்க வேண்டியதில்லை என்பது தெரிந்தவர்கள்கூட இந்த இடத்தில் கோட்டை விடுகிறார்கள். அரைத்ததும் உப்புப் போடும் முன் ஒரு சின்னக் கிண்ணத்தில் குழந்தைக்கு எடுத்து வைத்துவிட்டால் தீர்ந்தது. உப்பில்லாமலும் மாவு புளிக்கும்.

சிறுதானியம் என்ற பெயர் ஒட்டியிருப்பதாலேயே முறுக்கு, சீடை, கம்புப் பொரி உருண்டை எல்லாம் பிள்ளைக்கு ஏற்றதாகிவிடாது. சோளப்பொரி, முழு வேர்க்கடலை, முந்திரி இவற்றை நாலு வயது வரை கண்ணில் காட்டாமல் இருப்பதே நல்லது. சாப்பிடும்போது குமட்டுவதையும் அடைத்துக்கொள்வதையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். குமட்டும் குழந்தை சத்தம் போடும், இருமும், சிவக்கும், துண்டைத் தானே வெளியே தள்ளிவிடும். அடைத்துக்கொண்ட குழந்தை சத்தமே போடாது, அழவும் முடியாது. அப்போது வாய்க்குள் கண்மூடித்தனமாக விரல் விட்டுத் துழாவினால் துண்டு இன்னும் உள்ளே போகும். ஒரு வயதுக்கு உட்பட்டதென்றால் தலை தாழ முன்கையில் குப்புறப் படுக்கவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் ஐந்து தட்டு, வெளியே வராவிட்டால் மல்லாத்தி நெஞ்சில் ஐந்து அழுத்து, மாற்றி மாற்றி. ஒருவர் இதைச் செய்ய, இன்னொருவர் 108-க்குப் பேச வேண்டும். படித்துத் தெரிந்துகொண்டால் போதாது. குழந்தை மருத்துவரிடம் போகும்போது ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள்.

நிலா காட்டி, இடுப்பில் வைத்துக்கொண்டு ஊட்டுவது நமக்கெல்லாம் பிடித்த காட்சிதான். கையில் பிடித்துக் கடிக்கும் பண்டத்துக்கு மட்டும் அது ஒத்துவராது. நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும், எதிரில் ஒருவர் இருக்க வேண்டும்.

அடுத்து, சத்து என்று நினைத்து நாமே சத்தைக் கொட்டிவிடுவது. கேழ்வரகை ஊறவைத்து அரைத்துத் துணியில் வடிகட்டிப் பால் எடுத்தால் சக்கையோடு தாதுச்சத்தும் நார்ச்சத்தும் கணிசமாகப் போய்விடுகின்றன. தொடக்கத்தில் கூழுக்கு அப்படிச் செய்திருந்தாலும், அடை சாப்பிடும் பிள்ளைக்கு இன்னும் வடிகட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. சாமை, வரகு, குதிரைவாலியில் கதை வேறு. கடையில் வெள்ளை வெளேரென்று கிடைப்பவை பெரும்பாலும் தவிடு நீங்கத் தீட்டியவை. கொஞ்சம் மங்கலாக, பழுப்படித்து இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். வெள்ளை ரவையும் சேமியாவும் முழு தானியமே அல்ல.

100 கிராம் கேழ்வரகில் சுமார் 364 மி.கி. கால்சியம் இருப்பதாக ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணை சொல்கிறது. அந்தப் பெருமை சரியே. ஆனால் ஆறு மாதத்துக்குப் பிறகு குழந்தைக்கு அவசரமாகத் தேவைப்படுவது இரும்புச்சத்து. கேழ்வரகில் அது 100 கிராமுக்குச் சுமார் 4.6 மி.கி.தான், நம் பிள்ளை ஒரு வேளைக்குச் சாப்பிடுவதோ இருபது கிராம் மாவு. அதிலும் தானியத்தில் உள்ள பைட்டிக் அமிலம் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஊறவைப்பதும் முளைகட்டுவதும் புளிக்கவைப்பதும் அந்தப் பிடியைத் தளர்த்தும். அடையோடு தக்காளி விழுது, இரண்டு சொட்டு எலுமிச்சை என்று ஏதாவது சேர்ந்தால் உடம்பில் இன்னும் கூடுதலாக ஒட்டும். “ஒரு வாய்தானே” என்று அடையை டீயில் நனைத்துக் கொடுப்பது இதையெல்லாம் கெடுக்கும்.

இனிப்பு விஷயத்தில் நம் ஆட்களோடு வாதாடி ஜெயிக்க முடியாது. வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை எதுவானாலும் குழந்தையின் வாய்க்கு அது சர்க்கரையே. இரண்டு வயது வரை தள்ளிப்போடலாம். தேன் ஒரு வயதுக்குள் அறவே கூடாது, பொட்டுலிசம் என்ற கொடிய நோய்க்கு அதில் வழியுண்டு. மாவில் கனிந்த வாழைப்பழத்தை மசித்துச் சேருங்கள், போதும். ராகி பிஸ்கட் பாக்கெட்டை வாங்கும் முன் பின்பக்கம் திருப்புங்கள். எது எடையில் அதிகமோ அதுதான் பட்டியலில் முதலில் வரும். மைதாவும் சர்க்கரையும் முன்னால் நின்று, ராகி எங்கோ பின்னால் இருந்தால் அது வெறும் நிறம்தான்.

முதல் வாரமே பதினைந்து பொருள் போட்ட சத்துமாவில் அடை சுடாதீர்கள். உடம்பில் தடிப்பு வந்தால் எதனால் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? புதிதாக ஒன்று, மூன்று நாள் இடைவெளி, பிறகு அடுத்தது. அதற்காகக் கோதுமையையும் நிலக்கடலையையும் பயந்து ஒரு வருஷம் ஒதுக்கி வைக்கவும் வேண்டாம். கடலையை நைசாக அரைத்து மாவில் கலந்து கொஞ்சமாகத் தொடங்கலாம். கடுமையான கரப்பான் என்ற தோல்நோயோ முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தையென்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டு.

கம்பு மாவை மட்டும் மாதக் கணக்கில் சேர்த்து வைக்காதீர்கள். அதில் எண்ணெய்ச்சத்து அதிகம், அரைத்த சில நாளிலேயே கசந்துவிடும். பிள்ளை முகத்தைத் திருப்பினால் முதலில் மாவை நக்கிப் பாருங்கள்.

கடைசியாக அளவு. சின்ன வயிறு, நார்ச்சத்து அதில் சீக்கிரம் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே அடையில் நெய் தாராளமாக இருக்கட்டும், மூன்று வேளையும் சிறுதானியம் என்று பிடிவாதம் வேண்டாம், ஒரு வேளை குழைந்த சோறு இருந்தால் குடி முழுகிவிடாது. தட்டில் ஒரு தடவைக்கு இரண்டு துண்டுக்கு மேல் வைக்காதீர்கள். எப்படியும் ஒன்று தரைக்குப் போகும். எங்கள் வீட்டு மதில்மேல் எட்டரை மணிக்கு ஒரு காக்கா சரியாக வந்து உட்கார்ந்துவிடுகிறது.