எலெக்ட்ரிக் கார் வாங்கப் போகிறீர்களா? விலை, வசதி, சலுகை மூன்றையும் ஒரே தாளில் ஒப்பிடுவது எப்படி

மைத்துனருக்கு எலெக்ட்ரிக் கார் பார்க்கக் கிளம்பினோம். மூன்று ஷோரூம், மூன்று கொட்டேஷன். வீட்டுக்கு வந்து மேஜையில் பரப்பினால் எதையும் எதோடும் ஒப்பிட முடியவில்லை. ஒன்றில் சார்ஜர் சேர்த்தி, இன்னொன்றில் தனிக்காசு, மூன்றாவதில் பேட்டரியே விலையில் இல்லை! கடைசியில் பையனின் கோடு போட்ட நோட்டை எடுத்துக் கட்டம் போட்டோம். தமிழ்நாட்டில் சொந்த உபயோகத்துக்குக் கார் எடுப்பவர்கள் அதே வரிசையில் போகலாம்.

படி 1: காரை விடுங்கள், உங்கள் ஓட்டத்தை எழுதுங்கள்

தினமும் எத்தனை கிலோமீட்டர்? வருடத்தில் நாலைந்து முறையாவது போகும் நீண்ட பயணம் எது? இந்த இரண்டு எண்களும் நோட்டின் தலைப்பில் இருக்கட்டும். மைத்துனருக்குத் தினம் 40 கிலோமீட்டர், பண்டிகைக்குச் சென்னையிலிருந்து திருச்சி, சுமார் 330.

படி 2: ரேஞ்சை (ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரத்தை) கழித்துப் போடுங்கள்

பேட்டரி அளவைக் கிலோவாட் ஹவரில் சொல்வார்கள். மிரள வேண்டாம், அது நம் கரண்ட் பில்லில் வரும் யூனிட்தான். 45 கிலோவாட் ஹவர் பேட்டரி என்றால் 45 யூனிட் கொள்ளும் டப்பா.

விளம்பரத்தில் வரும் ரேஞ்ச் சோதனைக்கூடத்து எண். டாடா நெக்ஸான் இவி 45-க்குச் சோதனை எண் 489 கிலோமீட்டர். அதே கம்பெனி நிஜச் சாலைக்குச் சொல்வது 350 முதல் 370. மற்ற கார்களுக்கும் சோதனை எண்ணில் 70 சதவீதத்தை எழுதிக்கொள்ளுங்கள். ஏசி போட்டு ஹைவேயில் 100-ல் போனால் இன்னும் குறையும். ஆகவே திருச்சிக்கு நடுவில் ஒரு சார்ஜிங், ஒரு காபி என்று வைத்துக்கொள்வதுதான் நிம்மதி.

படி 3: கொட்டேஷனை வரி வரியாகப் படியுங்கள்

எக்ஸ்-ஷோரூம் விலையை (சாலை வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேராத விலை) வைத்து ஒப்பிடவே கூடாது. ஆன்ரோடு விலையை, அதாவது எல்லாம் சேர்ந்த விலையை எழுத்தில் வாங்குங்கள். அதில் வரும் ஒவ்வொரு வரிக்கும் நோட்டில் ஒரு கட்டம்.

இன்சூரன்ஸை டீலரிடமே எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வெளியிலும் ஒரு விலை கேளுங்கள். 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 1 சதவீதம் டி.சி.எஸ் (விற்பவரே நம் பெயரில் முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். அது செலவு இல்லை, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்ப வாங்கலாம். 'ஹேண்ட்லிங்', 'எசென்ஷியல் கிட்' என்று வரிகள் இருந்தால் விரலை வைத்து "இது என்னங்க?" என்று கேளுங்கள். நாங்கள் கேட்டதும் ஒரு கடையில் அந்த வரி அப்படியே காணாமல் போனது. கேட்காதவர்கள் கட்டிவிட்டுப் போகிறார்கள்.

சார்ஜர் கட்டத்தை மறக்காதீர்கள். மஹிந்திரா பிஇ 6 அறிமுகமானபோது 18.90 லட்சம் என்றார்கள். வீட்டு சார்ஜர் அதில் சேரவில்லை. 7.2 கிலோவாட் சார்ஜருக்கு 50,000, 11.2-க்கு 75,000 ரூபாய் தனி.

படி 4: சலுகையில் எது உயிரோடு இருக்கிறது?

அதிகக் குழப்பம் இங்கேதான். "கவர்ன்மென்ட் ஒன்றரை லட்சம் தருதாமே" என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் 80இஇபி பிரிவைச் சொல்கிறார்கள். அது ரொக்கம் இல்லை, கார் கடன் வட்டிக்கு வருமான வரிக் கழிவு. அதுவும் 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31 வரை அனுமதியான கடன்களுக்கு மட்டும். இப்போது கடன் எடுப்பவருக்குக் கிடையாது. பழைய வீடியோக்களில் அது இன்னும் உயிரோடு சுற்றுகிறது.

மத்திய அரசின் பிஎம் இ-டிரைவ் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கியது. அதில் இருசக்கர, மூன்று சக்கர வண்டிகள், பஸ், லாரி, ஆம்புலன்ஸ் ஆகியவற்றைச் சேர்த்தார்கள். சொந்தக் காரைச் சேர்க்கவில்லை. ஆக, கையில் காசாக வரும் மத்திய மானியம் என்று எந்தக் கட்டத்திலும் எழுதாதீர்கள்.

நமக்குக் கிடைப்பதெல்லாம் கட்டாமல் தப்பிக்கும் பணம். எலெக்ட்ரிக் காருக்கு ஜி.எஸ்.டி 5 சதவீதம்தான். 2025 செப்டம்பரில் குறைத்த பிறகும் சின்ன பெட்ரோல் காருக்கு 18. இது எக்ஸ்-ஷோரூம் விலைக்குள்ளேயே இருப்பதால் இன்னொரு முறை கழித்துவிடாதீர்கள். ஆர்.சி கட்டணம் பேட்டரி வண்டிகளுக்கு இல்லை. தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் (நம் காரால் பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கானது) பிரீமியத்தில் 15 சதவீதம் தள்ளுபடி.

பெரிய தொகை சாலை வரிதான். தமிழ்நாட்டில் 10 முதல் 20 லட்சம் வரையுள்ள பெட்ரோல் காருக்கு 18 சதவீதம், அதாவது 12 லட்ச ரூபாய் காருக்கு இரண்டு லட்சத்துக்கு மேல். எலெக்ட்ரிக் காருக்கு நூறு சதவீத விலக்கு கொடுத்து வந்தார்கள், ஆனால் கெடு வைத்து. 2025 டிசம்பர் 31 அப்படி ஒரு கெடு. வரி விஷயத்தில் கணக்கு வண்டி பதிவாகும் நாள்தான், புக்கிங் நாள் அல்ல. டெலிவரிக்கு மூன்று மாதம் காத்திருக்கச் சொன்னால், அந்த மாதத்தில் விலக்கு அமலில் இருக்குமா என்று ஆர்.டி.ஓ அலுவலகத்தில் விசாரித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

படி 5: பேட்டரி வாடகையா? வகுத்துப் பாருங்கள்

எம்ஜி விண்ட்சர் 2024 செப்டம்பரில் வந்தபோது இரண்டு விலை. பேட்டரியோடு 13.50 லட்சம்; பேட்டரி வாடகை என்றால் 9.99 லட்சம், மேலே கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய். வித்தியாசம் 3,51,000. அதை 3.50-ஆல் வகுத்தால் சுமார் ஒரு லட்சம் கிலோமீட்டர். வட்டியை விட்டுப் பார்த்தால், அதற்கு மேல் ஓட்டுபவருக்கு வாடகை நஷ்டம். மாதம் 1,000 ஓட்டினால் எட்டு வருடத்துக்கு மேல் ஆகும். இன்றைய விலையைப் போட்டு நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள். மாதக் குறைந்தபட்ச வாடகை உண்டா என்றும் கேளுங்கள்.

படி 6: கரண்ட் பில்லை எடுத்து வாருங்கள்

ஒரு யூனிட்டுக்கு ஆறேழு கிலோமீட்டர் என்றால் மாதம் 1,000 கிலோமீட்டருக்குச் சுமார் 150 யூனிட். நமக்கு இரண்டு மாத பில், ஆகவே 300. ஏற்கெனவே 350 யூனிட் ஓடும் வீடு 650-க்குப் போகும். 500-ஐத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும் என்பதால் பழைய யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து ஏறும். வழியில் ஃபாஸ்ட் சார்ஜரில் போட்டால் வீட்டு விலையைவிட நிறையவே கூட.

அப்புறம் பிளக். 15 ஆம்ப் சாக்கெட்டில் 3.3 கிலோவாட்தான் ஏறும். 45 யூனிட் பேட்டரி காலியிலிருந்து நிரம்பப் பதினாலு மணி நேரம் பிடிக்கும். தினம் 40 கிலோமீட்டர்காரருக்கு இது தாராளம், ராத்திரி இரண்டு மூன்று மணி நேரம் போதும். 7.2 கிலோவாட் சார்ஜர் வேண்டுமானால் வீட்டின் சாங்ஷன் லோடு (மின்வாரியம் அனுமதித்த அளவு) எவ்வளவு என்று பாருங்கள். நாலைந்து கிலோவாட்தான் என்றால் முதலில் மின்வாரியத்தில் லோடு கூட்ட வேண்டும். எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஃபிளாட் என்றால் அசோசியேஷன் சம்மதமும் வேண்டும்; எங்களுக்கு காரைவிட அதுதான் நேரம் எடுத்தது.

படி 7: வசதிகள்

சன்ரூஃபுக்கு நான் மார்க் போடவில்லை. சித்திரை வெயிலில் அதைத் திறந்து என்ன செய்ய? நான் எழுதச் சொன்னவை: பாரத் என்கேப் (மோதல் பாதுகாப்புச் சோதனை) நட்சத்திரம், பேட்டரி வாரண்டி (பெரும்பாலும் 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், 'லைஃப்டைம்' என்றால் முதல் உரிமையாளருக்கு மட்டுமா என்று கேளுங்கள்), ஸ்டெப்னி இருக்கிறதா அல்லது பஞ்சர் கிட் மட்டுமா, பக்கத்து சர்வீஸ் சென்டர் எத்தனை கிலோமீட்டர்.

டெஸ்ட் டிரைவை மதியம் கேளுங்கள். டிரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்கி, ஏசியை முழுதாக வைத்து இருபது கிலோமீட்டராவது ஓட்டி, திரையில் வரும் சராசரியை எழுதுங்கள்.

எங்கள் நோட்டில் எக்ஸ்-ஷோரூமில் மலிவாக இருந்த கார், சார்ஜரும் இன்சூரன்ஸும் சேர்ந்ததும் நடு இடத்துக்குப் போனது. மைத்துனர் எடுத்தது வேறொன்று. அதில் சன்ரூஃப் இல்லை, ஸ்டெப்னி இருந்தது.