இடுப்பு வலிக்குத் தசையைத் தளர்த்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் பிசியோதெரபி பிரிவுக்கு ஆண்டுதோறும் புதிய பயிற்சி மாணவர்கள் வருகிறார்கள். நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்களின் தசையைக் கையால் தளர்த்தும்போது அவர்கள் செய்யும் தவறுகள் மட்டும் மாறுவதே இல்லை. நகம் வெட்டாமல் வருவது, எண்ணெயை அள்ளி ஊற்றுவது எல்லாம் ஒரு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வலிக்க வலிக்க அழுத்துவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. உயிர் போகிற மாதிரி வலித்தால்தான் இறுக்கம் விடும் என்று மாணவர்களும் நம்புகிறார்கள், நோயாளிகளும் நம்புகிறார்கள். மூன்று மாதத்துக்கு மேல் நீடித்த வலியில் நரம்புகள் சின்னத் தொடுதலுக்கே பதறக்கூடும். அங்கே முழங்கையை ஊன்றினால் தளர வேண்டிய தசை இன்னும் இறுகிக்கொள்ளும்.

தையல் வேலை பார்க்கும் ஓர் அம்மா குப்புறப் படுத்திருந்தார். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே இருக்கும் குவாட்ரேட்டஸ் லம்போரம் தசையில் மாணவர் முழங்கையை இறக்கியிருந்தார். "வலிக்கிறதா அம்மா?" "பரவாயில்லை தம்பி, செய்யுங்கள்." நான் உள்ளே நுழைந்தபோது அவருடைய கால் விரல்கள் மடங்கியிருந்தன, கட்டில் விளிம்பைப் பற்றிய விரல் கணுக்கள் வெளுத்திருந்தன, மூச்சையே அடக்கிக்கொண்டிருந்தார். உடனே நிறுத்தச் சொன்னேன். ஆனாலும் மறுநாள் அவரால் குனிய முடியவில்லை. அந்த வாரக் கூலி முழுவதும் போயிற்று.

வைத்தியம் பார்ப்பவரிடம் வலிக்கிறது என்று சொல்லத் தயங்குபவர்கள் நம் ஊரில் ஏராளம். அதனால் வாய்ச்சொல்லோடு நிற்காமல் காலையும் மூச்சையும் கவனியுங்கள். வலி பத்துக்கு ஐந்தைத் தாண்டக் கூடாது. 30 முதல் 60 விநாடி வரை ஒரே சீரான அழுத்தம் போதும். பெரும்பாலும் தசை இளகுவது விரலுக்கே தெரியும். கடைசி விலா எலும்பின் மேல் பாரம் வேண்டவே வேண்டாம், உள்ளே சிறுநீரகம் இருக்கிறது. எலும்பு பலவீனமான முதியவர்களுக்கும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் முழங்கையைப் பயன்படுத்தவே கூடாது.

வலிக்கும் இடத்தையே சுற்றுவது

பிட்டத்தில் குளூட்டியஸ் மீடியஸ் தசையில் இருக்கும் முடிச்சு, வலியை இடுப்பில் காட்டும். அங்கேயும் தொட்டுப் பாருங்கள்.

கேட்காமல் கை வைப்பது

காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல், முன்பு புற்றுநோய் வந்த வரலாறு, இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் டாக்டர் பார்க்கட்டும். சிறுநீர் பிரியாமல் போனாலோ தொடையிடுக்கு மரத்துப்போனாலோ அந்த நிமிடமே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்புங்கள்.

பெல்ட் மாட்டி அனுப்புவது

வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலும் வழக்கமான சிகிச்சையாக அதைத் தரக் கூடாது என்கிறது.

தளர்த்தியதோடு முடிப்பது

கையால் கிடைக்கும் நிம்மதி நெடுநாள் நிற்காது. தசை தளர்ந்திருக்கும்போதே அவருக்கு ஏற்ற இரண்டு உடற்பயிற்சிகளைச் சொல்லிக்கொடுங்கள். உங்கள் கண்ணெதிரே ஒருமுறை சரியாகச் செய்த பிறகே அவர் செருப்பை மாட்ட வேண்டும்.