வீட்டு ஏக்கம் வாட்டும்போது கல்லூரி மாறுவதைப் பற்றி முடிவெடுப்பது எப்படி?

முதன்முறையாக வீட்டைப் பிரிந்து விடுதியில் தங்கிப் படிப்பவருக்கு, பகற்பொழுது வகுப்புகளோடு கழிந்துவிடும். மாலையில் அறைக்குத் திரும்பியதும் மனம் கனத்துப்போகும். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. 1688-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மாணவர் யோகான்னஸ் ஹோஃபர், இந்த ஏக்கத்தை ஒரு நோயாகவே விவரித்து, வீடு திரும்புதலையும் வலியையும் குறிக்கும் கிரேக்கச் சொற்களை இணைத்து அதற்கு 'நாஸ்டால்ஜியா' என்று பெயரிட்டார். அவர் குறிப்பிடும் நோயாளிகளுள் ஒருவர், பெர்ன் நகரிலிருந்து பாசலுக்குப் படிக்க வந்து நலிந்துபோய், ஊருக்குப் புறப்பட்டதும் தேறத் தொடங்கிய மாணவர். இன்று நாம் இதை நோய் என்பதில்லை. பிரிவின்போது மனம் இயல்பாக அடையும் துயரம் என்கிறோம். ஆயினும் ஊர் திரும்பினால் ஏக்கம் தணியும் என்பதும், கல்லூரி மாறுவது சரியான முடிவு என்பதும் ஒன்றல்ல.

ஆகவே முதல் சில வாரங்களிலும், விடுமுறை முடிந்து திரும்பிய நாட்களிலும் முடிவெடுக்காதீர்கள். அதற்குப் பதிலாக ஒரு மாதம் குறிப்பேடு எழுதுங்கள்: ஏக்கம் எந்த நேரத்தில் வந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எதை, யாரை நினைத்தீர்கள் என்று இரண்டு வரி போதும். மாலைகளும் வார இறுதிகளும் மட்டுமே கனக்கின்றன என்றால், உங்களுக்கு இல்லாதது பெரும்பாலும் துணைதான்; ஒரு விளையாட்டுக் குழுவோ, சேர்ந்து படிக்கும் இரண்டு பேரோ கிடைத்தால் நிலைமை மாறக்கூடும். காலையில் வகுப்புக்குப் போகவே மனம் மறுக்கிறது என்றால், படிப்பே பொருந்தாமல் இருக்கலாம். அதே பாடத்தை வீட்டுக்கு அருகில் படித்தாலும் அந்த மறுப்பு கூடவே வரும். விடுதியில் யாரேனும் துன்புறுத்துகிறார்கள் என்றால், அதை ஏக்கம் என்று நீங்களே பெயர் மாற்றிச் சகித்துக்கொள்ளாமல் உடனே முறையிடுங்கள்.

வீட்டோடு பேசுவதைக் குறைக்கச் சொல்ல மாட்டேன்; ஆனால் நாள் முழுவதும் கைபேசியில் வீட்டிலேயே வாழ்பவருக்கு இருக்கும் இடம் பழகுவதேயில்லை. பேசும் நேரத்தை வகுத்துக்கொண்டு, அடுத்து ஊருக்குப் போகும் தேதியையும் முன்கூட்டியே குறித்துவையுங்கள். சோர்வு இரண்டு வாரங்களுக்கு மேல் நாள் முழுவதும் நீடித்து, தூக்கமும் பசியும் எதிலும் ஈடுபாடும் குறைந்தால் மருத்துவரைப் பாருங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால், கல்லூரியைப் பற்றிய முடிவை ஒதுக்கிவைத்துவிட்டு அன்றைக்கே நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் சொல்லி உதவி பெறுங்கள்.

மாதம் கழிந்தும் மாற வேண்டும் என்றே தோன்றினால், அல்லது நோயுற்ற பெற்றோரின் அருகில் இருக்க வேண்டிய நிலை போன்ற உறுதியான காரணம் இருந்தால், மாறுவது தோல்வியாகாது. ஆனால் நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் வீடு, நீங்கள் புறப்பட்ட நாளின் வீடு என்பதை மறக்காதீர்கள்; பள்ளித் தோழர்களும் இப்போது வெவ்வேறு ஊர்களில் படித்துக்கொண்டிருக்கலாம். முடிந்தால் புதிய கல்லூரிக்கு வேலைநாளில் ஒருமுறை போய், வகுப்பு நடப்பதையும் மாணவர்கள் பழகுவதையும் நேரில் பாருங்கள்.

பிறகு கேட்க வேண்டியவற்றைக் கேளுங்கள். இதுவரை முடித்த பாடங்களுக்குக் கிடைத்த கிரெடிட்டுகளில், அதாவது பாட அலகுகளில், எத்தனையைப் புதிய கல்லூரி ஏற்கும், அதனால் படிப்பு ஒரு செமஸ்டர் நீளுமா, இப்போதைய உதவித்தொகை தொடருமா, விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது என்பவற்றுக்கு விடையை எழுத்தில் பெறுங்கள். வாய்மொழி உறுதி பின்னர் நிற்காமல் போகலாம். தற்காலிக விடுப்பு எடுத்து அதே இடத்துக்குத் திரும்பும் வசதி உண்டா என்பதையும் விசாரியுங்கள். பலர் இதைக் கேட்காமலே விலகிவிடுகிறார்கள். நடப்புப் பருவத்தின் தேர்வுகளை இயன்றவரை எழுதி முடியுங்கள், ஏனெனில் புதிய கல்லூரி பார்க்கப்போவது அந்த மதிப்பெண்களைத்தான். சேர்க்கைக் கடிதம் கையில் கிடைக்கும்வரை இப்போதைய இடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.